தண்ணீர் ஏறாத வீடுகள்

ஸ்மோக்கி மலைகளுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "மனுஷக் கால் படாத காடு!" மலைக்குப் பக்கத்தில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் நான் குடிவந்த புதிதில் நண்பர்கள் இதைச் சொல்லித்தான் என்னை முதன்முதலில் மலைக்கு அழைத்துப் போனார்கள். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலேயே அதிகம் பேர் வந்துபோகும் பூங்கா இதுதான். வருஷத்துக்கு ஒரு கோடிக்கும் மேல். அவ்வளவு பேரும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, நீலம் பூத்த மலைவரிசையைப் பார்த்து, இதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிவது மரம்தான். ஆனால் பழைய தலப்படங்களை, அதாவது மேடு பள்ளம், ஓடை, சாலை, வீடு வரை காட்டும் வரைபடத் தாள்களைப் பார்க்கப் பழகிய பிறகு இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. அதிலும் பூங்காவின் தென்மேற்கு விளிம்பில், வட கரோலினா பக்கம், ஃபொன்டானா ஏரியின் வட கரையைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் பேச்சை நிறுத்தி, செல்பேசியில் ஒரு தாளைத் திறந்து காட்டாமல் இருக்க முடிவதில்லை.

இன்றைய வரைபடத்தில் அந்த வட கரை முழுப் பச்சை. நடைபாதைக்கு ஒரு புள்ளிக்கோடு, முகாம் இடங்களுக்குச் சில எண்கள், அங்கங்கே கல்லறைத் தோட்டம் என்று சிறு எழுத்து. அவ்வளவுதான். ஏரியை உண்டாக்கிய அணைக்குச் சற்று முந்தைய தாளைத் திறந்தால் அதே ஓடைகளின் இரு கரையிலும் கறுப்புச் சதுரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கட்டடம். கொடி வைத்த சதுரம் பள்ளிக்கூடம், சிலுவை வைத்தது தேவாலயம். இரட்டைக் கோடாக ஒரு சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. கல்லறைத் தோட்டங்கள் மட்டும் இரண்டு தாளிலும் உண்டு. இறந்தவர்களை வைத்துக்கொண்டு, உயிரோடிருந்தவர்களை எடுத்துவிட்ட வரைபடம் அது. ஏன் அப்படி ஆயிற்று என்ற கேள்விதான் என்னை விடாமல் அரித்தது.

தாள்களைத் தேடிய விதம்

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1879-இல் தொடங்கியது. நாடு முழுமைக்கும் தலப்படம் போடும் வேலை 1884-இல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து 2006 வரை அச்சான தாள்களையெல்லாம் அவர்களே ஸ்கேன் செய்து டோப்போவியூ என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஊரைத் தேடி, வருஷத்தைத் தேர்ந்து இறக்கிக்கொள்ளலாம். இடக்குறிப்போடு வரும் கோப்பைச் செல்பேசியில் அவென்சா போன்ற செயலியில் ஏற்றிவிட்டால், நாம் நடக்க நடக்க நம்முடைய நீலப்புள்ளி அந்தப் பழைய தாளின் மீது நகரும். காட்டுக்குள் சிக்னலே வேண்டாம். இந்த வசதி இருப்பது அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

இந்தப் பகுதிக்கு மிகப் பழைய தாள்கள் 1:1,25,000 அளவில் இருக்கும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு நூறு அடிக்கு ஒன்று. மலையுச்சியில் மேசைப்பலகை போட்டு, தொலைநோக்கியால் குறி பார்த்து, இடைப்பட்டதைக் கண்ணளவில் வரைந்தவை. முகடுகள் ஓரளவு சரியாக இருக்கும். ஒரு ஓடையின் வளைவை நம்பி இறங்கினால் வேறெங்கோ நிற்போம். அந்தத் தாள்களை நான் பாதை பார்க்கப் பயன்படுத்துவதில்லை, ஊர்ப் பெயர்களுக்காக வைத்துக்கொள்கிறேன். பாதைக்கு உகந்தவை அடுத்த தலைமுறைத் தாள்கள். 1933-இல் அமைந்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், சுருக்கமாக டிவிஏ, அணை கட்டி மின்சாரம் எடுக்கும் அரசு அமைப்பு, அது புவியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து, விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து 1:24,000 அளவில் இந்தப் பள்ளத்தாக்கை வரைந்தது. வீடு வீடாக, சந்து சந்தாகக் காட்டுவது அந்தத் தாள்கள்தான். சில பத்து மீட்டர் முன்பின் இருக்கலாம், ஏனென்றால் அன்றைய ஆயத்தொலைக் கணக்கு வேறு. ஆனால் மலைச்சரிவில் ஒரு வீட்டுத்தளத்தைத் தேட அது போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தாள்கள் எதிலும், வெளியேற்றப்படுவதற்கு முன் இங்கே இருந்த செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் வீடு ஒன்றுகூடக் கறுப்புச் சதுரமாக வந்ததில்லை. 1838-இல் அவர்களில் பெரும்பாலோரைப் படையை வைத்து மேற்கே ஓட்டிவிட்டார்கள். தலப்படம் போடுகிறவர்கள் வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. டக்கசீஜி, நந்தஹாலா என்று ஆற்றுப் பெயர்களில் அவர்களுடைய மொழி அந்தத் தாளில் இருக்கிறது. பூங்காவின் மிக உயர்ந்த சிகரத்துக்குக் குவோஹி என்ற செரோக்கிப் பெயரே திரும்ப வந்தது 2024-இல்தான். ஆகவே பழைய தாளைக் கையில் எடுத்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அதற்கும் ஒரு தொடக்க நாள் இருக்கிறது, அதற்கு முந்தையதைப் பற்றி அது வாய் திறக்காது.

1,710 அடி

வட கரையைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வது, "ஏரி ஊர்களை மூழ்கடித்துவிட்டது" என்பதுதான். படகுக்காரர்கள் சொல்கிறார்கள், பயணக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். கேட்பவர்களுக்கும் அது பிடிக்கிறது, தண்ணீருக்கடியில் ஒரு ஊர் என்றால் உடனே மனதில் படம் விழுந்துவிடுகிறதே. ஃபொன்டானா அணையின் கதையும் அதற்குத் தோதாகவே இருக்கிறது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த அடுத்த மாதம், 1942 ஜனவரியில், லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே வேலையைத் தொடங்கினார்கள். போர் விமானத்துக்கு அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டும். இரவு பகலாக மூன்று ஷிஃப்ட் ஓடியது. 1944 நவம்பரில் மதகை மூடினார்கள். உயரம் 480 அடி. கிழக்கு அமெரிக்காவில் அதற்கு மேல் உயரமான அணை இன்றும் இல்லை. அணைத் திட்டம் முழுமைக்குமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

சரி, எவ்வளவு மூழ்கியது என்று தாளிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் இரவு உட்கார்ந்தேன். அணைக்கு முந்தைய தாளைப் பெரிய அளவில் அச்செடுத்து, நீலப் பென்சிலோடு மேசையில் விரித்தேன். ஏரி நிரம்பினால் கடல்மட்டத்திலிருந்து 1,710 அடி. இந்தத் தாள்களில் நாற்பது அடிக்கு ஒரு கோடு, இருநூறு அடிக்கு ஒரு தடித்த கோடு. 1,600 என்ற தடித்த கோட்டிலிருந்து மூன்றாவது மெல்லிய கோடு 1,720. அதற்கு ஒரு முடியளவு கீழே பென்சிலை ஓட்டிக்கொண்டே போனால் ஏரியின் விளிம்பு கிடைத்துவிடும். ஒவ்வொரு ஓடையின் வாயிலும் கோடு உள்ளே நுழைந்து, குறுகி, திரும்பி வெளியே வரும். வேலை மெதுவாகத்தான் நடந்தது. முடிந்ததும் கோட்டுக்குக் கீழே இருந்ததையெல்லாம் நீலமாகத் தீட்டினேன்.

ஆற்றோரச் சமவெளி போயிற்று. அங்கே இருந்த வீடுகள், வயல்கள், ரயில் பாதை போயிற்று. ஆனால் ஓடைகளை ஒட்டி மேலே ஏறும் சதுரங்கள், கொடி வைத்த சதுரம், சிலுவைச் சதுரம் எல்லாம் நீலத்துக்கு வெளியே வெள்ளையில் அப்படியே நின்றன. ஹேசல் கிரீக் என்ற ஓடையின் மேற்பகுதியில் சில வீடுகள் நீர்மட்டத்துக்கு ஐநூறு அடிக்கும் மேலே. தண்ணீர் அவற்றை எந்தக் காலத்திலும் தொட்டிருக்க முடியாது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சதுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் நீலத்தில் போன இன்னொன்று கண்ணில் உறைத்தது: சாலை. பிரைசன் சிட்டியிலிருந்து டீல்ஸ் கேப் வரை ஆற்றை ஒட்டிப் போன 288-ஆம் எண் சாலை, பெரும்பகுதி நீலத்துக்குள் கிடந்தது. மலை மேலே இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியுலகத்துக்குப் போக அது ஒன்றுதான் வழி.

இதற்கப்புறம் ஆவணங்களைத் தேடிப் படித்தபோது எல்லாம் அந்தத் தாளோடு பொருந்தியது. மூழ்கும் சாலைக்குப் பதில் மேலே ஒரு புதுச் சாலை போடுவதற்கு ஆகும் செலவு, அந்த மண்ணையே வாங்குவதை விட அதிகம் என்று டிவிஏ கணக்குப் போட்டது. போர்க்காலம், சிமெண்ட் இல்லை, இரும்பு இல்லை, ஆள் இல்லை. ஆகவே 216 குடும்பங்கள் இருந்த, சுமார் 44,000 ஏக்கர் வட கரையை மொத்தமாக எடுத்துத் தேசியப் பூங்காவுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. 1943-இல் ஒப்பந்தம் எழுதினார்கள்: தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் மத்திய உள்துறை, டிவிஏ, வட கரோலினா மாநிலம், அந்தப் பகுதியின் மாவட்டமான ஸ்வைன் கவுண்டி என நான்கு தரப்பு. போர் முடிந்து பணம் ஒதுக்கப்பட்டதும் பூங்காவுக்குள் புதுச் சாலை வரும் என்பது அதில் இருந்தது. அந்தச் சாலையை நம்பித்தான் பல குடும்பங்கள் கல்லறைகளைத் தோண்டி எடுத்துப் போகாமல் விட்டுவிட்டுப் போயின. சிலர் மறுத்தார்கள். ஏரிக்குத் தேவைப்படாத எங்கள் நிலத்தை எடுக்க உங்களுக்கு என்ன அதிகாரம் என்று வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. 1946-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கி, டிவிஏவுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. அதற்குள் ஏரி நிரம்பி நின்றது.

போர்க்காலக் காரணம் பொய் என்று நான் நினைக்கவில்லை. 1943-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல்தான். அறுபதுகளில் பிரைசன் சிட்டி பக்கத்திலிருந்து சாலை போட ஆரம்பித்து, ஏறக்குறைய ஏழு மைல் வந்து, ஒரு சுரங்கப்பாதையும் குடைந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். வெட்டிய பாறையிலிருந்து அமிலம் கசிந்து ஓடைகளைக் கெடுக்கும் என்றார்கள், செலவும் ஏறியது. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் சாலை இல்லை, நடைபாதைதான். அதை எங்கும் போகாத சாலை என்றே ஊரில் சொல்கிறார்கள். வழியில் ஒரு பலகையில் 'உடைந்த வாக்குறுதி, 1943' என்று எழுதி, எப்போது முடியும் என்பதற்குக் கேள்விக்குறி போட்டு வைத்தார்கள். 2010-இல் சாலைக்குப் பதிலாகக் கவுண்டிக்கு 5.2 கோடி டாலர் தருவதாக உடன்பாடு. அதிலும் பெரும்பகுதி வந்து சேர்ந்தது 2018-இல், கவுண்டி வழக்குப் போட்ட பிறகு. சாலையை இன்று போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கரடியும் டிரவுட் மீனும் அவ்வளவு பெரிய சாலையற்ற நிலத்தில் பிழைத்துக் கிடக்கின்றன, அதை வெட்டிக் கெடுக்க மனம் வராது. ஆனால் அந்த அமைதி அங்கே தானாக வந்ததில்லை. 216 குடும்பங்கள் வீட்டை விட்டு இறங்கிப் போனதால் வந்தது. அதைச் சொல்லாமல் காட்டை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

ஹேசல் கிரீக்கில்

ஏப்ரல் தொடக்கத்தில் படகில் ஏரியைக் கடந்து ஹேசல் கிரீக்கில் இறங்கினேன். குளிர்காலத்தில் ஏரியை ஐம்பது அடிக்கும் மேல் இறக்கிவிடுகிறார்கள். அப்போது இன்னும் முழுதாக ஏறவில்லை. கரையெங்கும் செம்மண் சரிவு. ஓடையை ஒட்டிப் போகும் பாதை மிக அகலமாக, ஏற்றமே தெரியாமல் போகும். அது மரக் கம்பெனியின் ரயில் ஓடிய தடம். டபிள்யூ. எம். ரிட்டர் மரக் கம்பெனி இங்கே மரம் அறுத்தது 1928 வரை. அதன் உச்சத்தில் ப்ராக்டர் என்ற இந்த ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். சினிமாக் கொட்டகைகூட இருந்தது. ஆனால் நான் பார்த்த எந்தத் தாளிலும் அந்த உச்சக்காலம் இல்லை. ஒன்று கம்பெனி வருவதற்கு முந்தையது, இன்னொன்று அது போன பிறகு போட்டது. இரண்டு சர்வேக்களுக்கு நடுவே ஒரு நகரமே வந்து போய்விட்டது. மரம் உலர்த்திய சூளையின் செங்கல் சுவர் மட்டும் ஓடையோரம் நிற்கிறது. கால்ஹூன் வீடு என்ற பழைய வெள்ளை மர வீடும் இருக்கிறது.

அதைத் தாண்டி, பாதையை விட்டு விலகி, தாளில் மூன்று சதுரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு சரிவுக்கு ஏறினேன். நீலப்புள்ளி முதல் சதுரத்தின் மேல் வந்து நின்றது. சுற்றிலும் டுலிப் பாப்ளர் மரங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன். காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட அதைக் கவனிக்கலாம்: ஒரே வயசு மரங்கள் கூட்டமாக நின்றால் அங்கே ஒரு காலத்தில் வெட்டவெளி இருந்திருக்கிறது. அப்புறம் மஞ்சள் தெரிந்தது. டாஃபடில் பூக்கள், ஒரு வரிசையாக. காட்டில் அது தானாக முளைக்கும் செடி இல்லை, யாரோ கிழங்கு வாங்கி வந்து வாசலோரம் நட்டது. வரிசையின் முடிவில் இரண்டு தட்டைக் கற்கள், படிக்கட்டாக இருந்திருக்கும். கொஞ்சம் மேலே புகைபோக்கி சரிந்து கற்குவியலாகக் கிடந்தது. வசந்தத்தில் போவது இதற்காகத்தான். இலை முழுதாக விட்டுவிட்டால் பத்தடியில் இருப்பதும் மறைந்துவிடும். பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஒரு கோப்பைத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது.

அங்கே நின்றபோது எனக்குள் ஒரு சங்கடம் வந்தது. இவ்வளவு துல்லியமாக இந்த வாசலுக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட தாளைப் போட்டவர்கள் யார்? டிவிஏ. பள்ளத்தாக்கில் எங்கே அணை போடலாம், எங்கே தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் கணக்கிட வேண்டியவர்கள் போட்ட தாள் இது. முந்தைய தலைமுறைத் தாள் இந்த வீடுகளைக் கண்டுகொள்ளவே இல்லை. அரசாங்கம் முதன்முறையாக இந்தச் சரிவை இவ்வளவு கிட்டத்தில் வந்து பார்த்தது, சில வருஷத்தில் இவர்களை அனுப்பிவிடப்போகும் காலத்தில்தான். அந்தத் தாள்களை எனக்கு எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுக்கு இந்த எண்ணம் கசக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவற்றைப் பார்க்க முடிகிறது. இன்னொரு பக்கம், இப்போது கம்ப்யூட்டர் தொகுத்து வெளியிடும் புதிய தாள்களில் தனி வீடுகளே கிடையாது. 2009-க்குப் பிறகு வந்தவை எல்லாம் அப்படித்தான். இன்று அப்பலாச்சிய மலையில் ஒரு குக்கிராமம் காலியானால், எண்பது வருஷம் கழித்து இப்படிச் சதுரத்தைப் பின்தொடர்ந்து வாசலுக்கு வர அந்தத் தாள் உதவாது. செயற்கைக்கோள் படம் இருக்கிறதே என்பார்கள். மரத்தடியில் இருக்கும் கூரையை அது காட்டாது, எது பள்ளிக்கூடம் என்றும் சொல்லாது.

பெயர்கள்

திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் எழுபதைத் தாண்டிய ஒருவர், கையில் துணிப்பூக்களோடு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கல்லறை அலங்கரிக்கும் நாட்களில் பூங்கா நிர்வாகமே படகு விட்டுக் குடும்பங்களை இந்தக் கரைக்கு அழைத்து வருகிறது. எழுபதுகளின் கடைசியிலிருந்து அது நடக்கிறது. இவர் அதற்குக் காத்திராமல் தனியாகவே வந்திருந்தார். அவருடைய அப்பா இந்த ஓடையில் பிறந்தவர். செல்பேசியில் தாளைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எங்க தாத்தா வீட்டுக்கிட்ட தண்ணி வந்ததே இல்லை. இன்னைக்குவரைக்கும் வரலை" என்றார். நான் நீலம் தீட்டிக் கண்டுபிடித்ததை அவர் குடும்பம் எண்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்டவர்கள்தான் மூழ்கிய ஊர் என்று மாற்றிக்கொண்டார்கள்.

நான் போய் நின்ற மூன்று சதுரங்களைத் தொட்டுக் காட்டினேன். ஒன்று அவருடைய அத்தைப்பாட்டி வீடு. டாஃபடில் அவர் நட்டதாகத்தான் இருக்கும் என்றார். இன்னொன்று வீடே இல்லையாம், சோளக் களஞ்சியம். ஓடைக்கு மறுகரையில் இருந்த ஒரு வீட்டைத் தாளில் காணவில்லை என்று அடித்துச் சொன்னார். அந்தத் தாளை அச்செடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். முகவரி சொன்னார்.

பெரிய அளவில் அச்செடுத்து, கூடவே ஒரு பென்சிலையும் உறையில் வைத்து அனுப்பினேன். கோடை முடிவதற்குள் தாள் திரும்பி வந்தது. சதுரங்களின் பக்கத்தில் குடும்பப் பெயர்கள், சிலவற்றில் பிள்ளைகளின் பெயர்களும். களஞ்சியத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. மறுகரையில், அளவெடுத்தவர்கள் விட்டுவிட்ட இடத்தில், புதிதாக ஒரு சதுரம் வரைந்து உள்ளே கறுப்பும் தீட்டியிருந்தார். கீழே இரண்டு வரி: தொண்ணூறைக் கடந்த அவருடைய அத்தை ஒருவர் இருக்கிறார், திருமணமாகிப் போன இடத்து உறவுக்காரர்கள் ஃபோர்னி கிரீக்கைச் சேர்ந்தவர்கள், அவருக்கு அந்த ஓடையில் எல்லா வீடும் தெரியும், அந்தத் தாள் கிடைக்குமா, எழுத்தைப் பெரிதாகப் போட்டு அனுப்ப முடியுமா என்று. ஃபோர்னி கிரீக் தாள் நேற்று அச்சுக்குப் போயிருக்கிறது. நோலண்ட் கிரீக்கையும் சேர்த்தே போடச் சொன்னேன்.